இழுப்பறையில் கிடந்த அட்டை

விடியலுக்கு முந்தைய முக்கால் மணி நேரம்தான் எங்கள் அறுவடை. கீழே இருட்டு, மேலே வெயில். செத்த ராக்கெட்டுகளின் தகரமும் திருகாணியும் அப்போதுதான் வானத்தில் மினுங்கும். மாடியில் தொலைநோக்கி அறையின் கூரையைத் திறக்கும் மோட்டார் பழுதாகி எட்டு மாதம். நானும் வேன் டிரைவரும் தோள் கொடுத்து அந்த இரும்புக் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளுவோம். குளிரில் இரும்பு உள்ளங்கையைப் பிடித்தால் விடாது. பெண்டாட்டிகூட என் கையை அவ்வளவு ஆசையாகப் பிடித்ததில்லை.

முதலாளி போக, கம்பெனியில் நாங்கள் ஏழு பேர். மாடியில் நானும் டிரைவரும் விண்வெளிக் குப்பையைப் படம் பிடிப்போம். கீழே, செயற்கைக்கோளில் ஏறப்போகும் கதிர்வீச்சுமானிகள் தயாராகும். கூடத்து மேஜையில் அக்கா அவற்றின் பாகங்களைப் பற்றவைப்பார். 'மீட்டர்' அண்ணன் பக்கத்து அறையில் ஈயப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள, கதிர் உமிழும் பொருளுக்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் வைத்துச் சோதிப்பார். அவர் சட்டையில் மட்டும் ஒரு சின்ன அட்டை. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகம் அதைப் படித்துச் சொல்லும்.

அன்று கூரையை மூடி, படங்களைச் சரிபார்த்து, ஒன்பது மணிக்கு இறங்கினால், வேலைக்கு வந்தவர்களுக்கு நடுவே, மீட்டர் அண்ணனுக்கு எதிரே முதலாளி நிற்கிறார். கையில் ஆய்வகக் கடிதம்.

"வரம்பு தாண்டிடுச்சுப்பா. இனி நீ அந்த ரூமுக்குள்ள போகக்கூடாது. வானத்துக் கதிரையே அளக்கிற கம்பெனி, பூமியில சட்டத்தை மீறலாமா?"

"வேற வேலை குடுங்க சார்," என்றார் அண்ணன்.

"வேற வேலை ஏது? இன்னையோட முடிச்சுக்கலாம்."

அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாய் மாமியார். கதிரைச் சோதிக்க மட்டுமே தெரிந்தவரை எந்த மளிகைக் கடை வேலைக்கு எடுக்கும்? கடிதத்தையே வெறித்தவர், மெல்லச் சொன்னார்: "இது எப்படி சார்? இந்த மூணு மாசமும் நான் அட்டையே போடலையே."

"என்னது?"

"போன தடவையே வரம்புக்குப் பக்கத்துல வந்துடுச்சு. தாண்டினா அனுப்பிடுவீங்கன்னு பயம். கழட்டி இழுப்பறையில போட்டுட்டுத்தான் உள்ள போனேன்."

டிரைவர் சிரித்துவிட்டார். "காய்ச்சலை மறைக்க தெர்மாமீட்டரை ஒளிச்சு வெச்சியா!"

அக்கா சிரிக்கவில்லை. பற்றவைக்கும் கம்பியை அணைத்து வைத்தார். "எந்த இழுப்பறை தம்பி?"

"உங்க மேஜை இழுப்பறைதாங்கா. அங்க யாரும் தேடமாட்டாங்கன்னு..."

அக்காவின் மேஜை சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் ஈயப் பெட்டி. அட்டை அங்கே கிடந்தது மூன்று மாதம். அக்கா அங்கே உட்கார்ந்தது தினம் ஒன்பது மணி நேரம், நாலு வருஷம். அவருக்கு அட்டையே கிடையாது.

"ஏமாத்தினதை நீயே ஒத்துக்கிட்டே. இப்பவே வெளிய போ!" முதலாளி கத்தினார்.

அனுப்புவதற்காக நான் கட்டி வைத்திருந்த கருவி ஒன்றைப் பிரித்து அக்காவின் மேஜைமேல் வைத்தேன்.

"ஏய், அது வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய சாமான்!"

"நல்ல சாமானான்னு பார்த்துடலாம் சார்."

சுவர்ப் பக்கம் திருப்பி, சுவிட்சைப் போட்டேன். அந்தப் பக்கம் பெட்டி மூடித்தான் இருந்தது. இருந்தும் திரையில், ஏலத்தில் விலை ஏறுவதுபோல் எண்கள் ஏறின.

முதலாளியின் குரல்தான் இறங்கியது. "சரி, மேஜையை நகர்த்திடலாம். இவனும் ஒரு மாசம் இருக்கட்டும். விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"இந்தச் சுவத்துக்குள்ள எதுவுமே நிக்கலையே சார்," என்றார் டிரைவர்.

"மேஜையை நகர்த்துவீங்க," என்றார் அக்கா. "நான் உட்கார்ந்த நாலு வருஷத்தை எங்க நகர்த்துவீங்க?"

பேரம் அதற்குமேல் படியவில்லை. நாங்கள் கேட்டது: சுவருக்கு ஈயத் தகடு, ஏழு பேருக்கும் அட்டை, அக்காவுக்கு மருத்துவப் பரிசோதனை. வரம்பு தாண்டினால் மாற்று வேலை, வெளியேற்றம் கிடையாது. அதுவரை ஒருவரும் உள்ளே போவதில்லை.

"வெளிய ஆயிரம் பேர் வேலைக்கு நிக்கிறான்!"

"வரட்டும். வாசல்லதானே இருக்கப்போறோம், சொல்லி அனுப்புறோம்," என்றேன் நான்.

வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தோம். நிழல் இல்லை. அண்ணன் மட்டும் தள்ளி நின்றார். "எல்லாம் என்னாலதான்."

"நீ அட்டையை ஒழுங்கா மாட்டியிருந்தா நான் இன்னும் அங்கதான் உட்கார்ந்திருப்பேன்," என்றார் அக்கா, நகர்ந்து இடம் விட்டபடி. "வா, உட்காரு."

உள்ளே போன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முதலாளி பேசிக்கொண்டே அக்காவின் நாற்காலியை இழுத்தார். சுவரைப் பார்த்தார். நின்றபடியே பேசினார்.

நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம்.