கைராசிக்காரி

கீழ்வானத்துச் செங்கதிர் மாடங்களின் உச்சியைத் தொட்டு, நெடுந்தெருவின் ஈரக்கற்களில் இறங்கி, கடைக் கதவுகளை ஒவ்வொன்றாய்த் திறப்பித்த காலைப்பொழுதில், கண்ணாடிப் பட்டறை முன்னரே விழித்திருந்தது. சுவரோரம் சாய்த்த பாளங்களில் தெரு துண்டு துண்டாய் நடமாட, நடுவிலிருந்த வெட்டுப்பலகையின் முன், பட்டறைக்காரனின் தங்கை வைரமுனைக் கோலைப் பற்றியபடி, உள்ளே கொதிப்பதை வெளியே காட்டாது நின்றாள்.

அவள் சினத்தின் வேரை நீவிர் அறிதல் வேண்டும். கண்ணாடியில் கீறல் ஒருமுறையே விழவேண்டும். அதே தடத்தில் மீண்டும் முனை ஓடினால் பாளம் தன் போக்கில் பிளந்துவிடும். அழுத்தம் மிகுந்தால் நொறுங்கும், குறைந்தால் பிரியாது. அளவோடு அழுத்தினால் துணி கிழிவது போன்ற மெல்லொலி எழும். அவ்வொலி கைவரக் கழிவுத் துண்டுகளை உடைத்து உடைத்து, விரல் கிழிந்து, தன் இளமையையே தேய்த்தவள் அவள். அத்தனையையும் ‘கைராசி’ என்று ஒரே சொல்லில் துடைத்தெறிந்து திரிந்தான் அவள் அண்ணன். எத்துணைக் கொழுப்பு அவனுக்கு!

அன்று, புதிய அரங்கின் கூரைக்கு ஆளுயர வட்டக் கண்ணாடி வேண்டி வந்த பெரியவர், வேலைக்குப் பொறுப்பு யார் என்று வினவினார். பட்டறைக்கு வந்து ஒரு பருவம்கூடக் கழியாத, தன் மனைவியின் தம்பியான மைத்துனனைச் சுட்டினான் அண்ணன். அப்படியானால் தங்கை எதற்கு என்றார் அவர்.

“இவ கைராசிக்காரிங்க. ஆனா ராசிய நம்பிப் பொறுப்பக் குடுக்க முடியுமா?”

தங்கை கோலைப் பலகைமேல் வைத்தாள்.

“அந்த ராசி இன்னைக்குக் காலையில போயிடுச்சுண்ணே. இத்தன வருஷமா ஒடைச்சு ஒடைச்சுக் கத்துக்கிட்டவள்னு இவர் முன்னாடி சொல்லு. வெட்டித் தரேன்.”

பட்டறையில் அத்தகைய பெரும்பாளம் ஒன்றே இருந்தும், அண்ணன் வீம்பு விடாமல் மைத்துனனுக்குக் கண்ணைக் காட்டினான். அவன் கோலை எடுத்து வட்டத்தை ஒருமுறை கீறினான். ஐயம் தீராமல் மீண்டும் அத்தடத்திலேயே முனையை வைத்தான். அவ்வளவு சினத்திலும் தங்கைக்கு மனம் பொறுக்கவில்லை. திரும்ப ஓட்டவேண்டாம் என்று தடுத்தாள். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பாளம் குறுக்கே பிளந்து தரையெங்கும் சிதறியது.

அண்ணன் மைத்துனனை ஏறிட்டும் பார்க்கவில்லை, அவள்பக்கம் திரும்பினான்.

“நீ வயிறெரிஞ்சு பாத்தல்ல. உன் கண்ணு பட்டுத்தான் ஒடஞ்சுது.”

அவள் மைத்துனன் கையிலிருந்து கோலை வாங்கித் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, சில்லுகளை மிதியாமல் படியிறங்கினாள். அவள் வென்றபோது ராசி என்றார்கள். தாங்கள் தோற்றபோது கண்ணேறு என்றார்கள். பயின்றாள் என்று சொல்லமட்டும் அவ்வீட்டில் ஒரு வாய் இல்லை. அத்தகையோர் பலகையில் இனி ஒருநாளும் கைவைப்பதில்லை என்று அவள் துணிந்தாள். அத்துணிவு அறமே ஆகும்.