மணமில்லாத புகை

அடுப்புப் புகை எழும் வீட்டுக்கு ஊராட்சி உதவி கிடையாது. யாரும் சட்டமாகப் போட்டதில்லை. வீடு புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லையென்று, முன்பிருந்த தலைவர்கள் அந்தி நேரத்தில் கண்மாய்க் கரையில் நின்று கூரைகளைப் பார்த்தார்கள். புதுத் தலைவர் வெற்றிச்செல்வனும் அப்படித்தான் நின்றார். பக்கத்தில் வார்டு உறுப்பினர் ஜாஸ்பின். கீழே அவளுடைய வார்டின் கடைசித் தெரு.

நேற்று அவள் அந்தத் தெருவின் கோடி வீட்டுக்குப் போயிருந்தாள். சத்யா அடுப்பில் சருகைத் திணித்து விசிறிக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் ஒன்றும் இல்லை.

“என்னடி இது?”

“மெதுவாப் பேசுங்கக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரும்.”

ரேஷன் அரிசி எப்போதோ தீர்ந்திருந்தது. நூறு நாள் வேலையும் நின்றுபோயிருந்தது. திருப்பூருக்குப் போன புருஷனிடமிருந்து சேதி இல்லை.

“நாளைக்கு ஒருநா பத்தவைக்காம இரு. தலைவர் பாக்க வாராரு. ஒம் பேரு சேந்துரும்.”

“எல்லா வீட்லயும் ஒலை கொதிக்கும். எங்க வீட்ல மட்டும் புகை இல்லைன்னா என்னக்கா நெனைப்பாங்க?”

“நெனைச்சுட்டுப் போறாங்க.”

சத்யா இன்னும் கொஞ்சம் சருகைத் திணித்தாள். புகைக்குள் அவள் முகம் தெரியவில்லை.

இன்று மாதா கோயில் மணி அடித்தது. ஓட்டு இடுக்குகளில் புகை கிளம்பியது. எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில், யாரோ சொல்லிவைத்ததுபோல.

“பாத்தீங்களா மெம்பரம்மா? இல்லாதப்பட்ட தெருன்னீங்க. எங்க வீட்லயே இன்னும் ஒலை வைக்கலை.” தலைவர் சிரித்தார்.

காற்று தெருவிலிருந்து கரைக்குத்தான் வீசியது. சோறு வேகும் மணமில்லை. தாளிக்கும் வாசமில்லை. எந்த வாசலிலும் ஒரு நாய்கூட இல்லை.

கோடி வீட்டில் மட்டும் புகை எழவில்லை. சத்யா சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள், என்று ஜாஸ்பின் நினைத்துக்கொண்டாள்.

“அந்தக் கடைசி வீடு, தலைவரே.”

“ஆமா. ஒண்ணே ஒண்ணு. சேத்துருவோம்.”

சத்யாவிடம் சொல்ல அவள் கரையிறங்கி நடந்தாள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் விசிறும் சத்தம். பாத்திரச் சத்தமில்லை, பேச்சில்லை.

சத்யாவின் கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்பில் சருகு திணித்திருந்தது. அவள் அடுப்போரம் ஒருக்களித்துக் கிடந்தாள். விரலிடுக்கில் கிழிக்காத தீக்குச்சி. ஜாஸ்பின் சொன்னதற்காக அவள் பற்றவைக்காமல் இருக்கவில்லை. எரிக்கத் தெம்பில்லாமல் விழுந்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது. மூச்சு நூலாக ஓடியது.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள்.

“ஏ சத்யா, இன்னைக்கு என்ன கொழம்பு? எங்க வீட்ல கத்திரிக்கா.”

ஜாஸ்பின் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றாடம் கேட்கும் கேள்வி அது. ஏதோவொரு குழம்பின் பெயரைச் சொன்னால் போதும், சத்யாவின் மானம் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்துவிடும்.

“கொழம்பு ஒண்ணுமில்லக்கா,” என்றாள். “நான் ஜாஸ்பின். சத்யா மயங்கிக் கெடக்கு. சாப்பிட்டு நாளாச்சு. ஒரு வாய் கஞ்சி கொண்டாங்க.”

சுவருக்கு அப்பால் விசிறும் சத்தம் நின்றது.

பிறகு, சுவரில் வாயை வைத்துப் பேசுவதுபோல முத்துமாரியம்மாள் சொன்னாள்:

“எங்கிட்டயும் இல்ல ஆத்தா. வெறும் சருகுதான்.”

அதற்கும் அப்பாலிருந்து இன்னொரு குரல், தாழ்ந்து: “அக்கா… ஒங்க வீட்லயுமா?”

அங்கும் விசிறல் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. சுவர் சுவராக அந்த அமைதி தெருவின் மறுகோடிக்கு நகர்ந்து போவதை ஜாஸ்பின் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்யாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கரையிலிருந்து தலைவரின் குரல் வந்தது. சிரிப்பு போயிருந்தது.

“மெம்பரம்மா! என்னங்க இது, புகை ஒண்ணொண்ணா நிக்குது?”

“சோறு கொண்டு வாங்க தலைவரே,” என்று கத்தினாள். “தெருவுக்கே.”