வாய்க்கால் தாண்டிய சாசேஜ்

மதிவாணன் ஜெர்மனிக்குப் போய்ப் படிக்க அந்த நாட்டுத் தூதரகம் விசா கொடுத்துவிட்டது. அவன் அம்மா ஆனந்தவல்லி இன்னும் கொடுக்கவில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அவனே சமைத்து நண்பர்களுக்கு விருந்து வைக்க வேண்டும்; சட்டி காலியாகத் திரும்ப வேண்டும்.

"சுடுதண்ணி வைக்கத் தெரியாதவன் அங்க போயிப் பட்டினி கிடக்கறதுக்கு, இங்க நடவு ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கட்டும்" என்பது அவள் கட்சி.

எனவே ஞாயிற்றுக்கிழமை மதியம், தஞ்சாவூரில் வாங்கிவந்த கோழி சாசேஜை அரை விரல் நீளத்துக்கு நறுக்கி, எண்ணெயில் புரட்டி, தக்காளி சாஸும் மிளகாய் சாஸும் அரை பாட்டில் ஜாமும் ஊற்றிக் கொதிக்கவிட்டான். ஜாமைப் பார்த்ததும் ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குத்தி எடுத்துத் தின்ன, தென்னை ஈர்க்குச்சியைச் சீவித் துண்டு போட்டிருந்தான்.

சாஸ் கெட்டிப்பட்டுக் குமிழிவிட்ட நேரத்தில் மாரியம்மன் கோயில் மைக் பேசியது. அடுத்த வாரம் கட்ட வேண்டிய காப்பை இன்றைக்கு நாலு மணிக்கே கட்டுகிறார்களாம்; கரகம் ஆடுகிறவருக்கு வேறு தேதி ஒத்துவரவில்லையாம். காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை ஊர் எல்லைக்குள் கவுச்சி கூடாது. நண்பர்கள் வரும் பஸ்ஸோ ஐந்து மணிக்கு.

"அடுப்ப அணைடா."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா."

"அதுக்குள்ள சட்டியோட நீயே தின்னுடுவியா?"

மதிவாணன் அதையும் யோசித்துப் பார்த்தான். பதினொரு துண்டுக்கு மேல் தாங்காது என்று பட்டது.

"அப்ப ஜெர்மனி?"

"ஆத்தாளே வேணாங்கறா. நான் என்ன பண்ணட்டும்?" அம்மனும் தன் கட்சிக்கு வந்துவிட்டதில் ஆனந்தவல்லிக்கு லேசான திருப்தி.

கட்டிலில் படுத்திருந்த அப்பா பக்கிரி கண்ணைத் திறக்காமல், "பம்புசெட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போ" என்றார்.

"அது என்ன, வேற நாடா?" என்றாள் ஆனந்தவல்லி.

"வேற கிராமம்." எழுந்து பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்து நீட்டினார். "வாய்க்காலுக்கு அந்தக் கரை பக்கத்து ஊர்க் கணக்கு. அந்த எழவு எல்லையால இருவது வருசமா ரெண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் அலையறேன். இன்னிக்காவது ஒரு நல்லது நடக்கட்டும்."

ஆனந்தவல்லி பட்டாவை இரண்டு முறை படித்தாள். சர்வே எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதில் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றே முக்காலுக்குச் சட்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது.

ஐந்து மணி பஸ்ஸில் வந்த ஆறு பேரும் பம்புசெட்டு நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். "என்னடா, ஜாம் வாசனை அடிக்குது?" என்ற ரஞ்சித், முதல் துண்டுக்குப் பிறகு அதுபற்றிப் பேசவில்லை. கடைசியில் சட்டியை ரொட்டியால் வழித்தவனும் அவன்தான்.

ஆறு மணிக்கு ஆனந்தவல்லி இந்தக் கரையில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் காப்பு. மதிவாணன் அந்தக் கரையிலிருந்து சட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. அவள் வாய்க்காலை மேற்கேயும் கிழக்கேயும் பார்த்தாள். சித்திரை மாதம், பொட்டுத் தண்ணீர் கிடையாது. கொட்டியிருந்தால் மறைக்க முடியாது.

"ஈர்க்குச்சியெல்லாம் பொறுக்கிடு. யார் கால்லயாவது குத்தப்போவுது" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "அங்கல்லாம் புளி கெடைக்குமாடா?"

குச்சி பொறுக்கக் குனிந்த மதிவாணன் நிமிர்ந்து பார்த்தான்.

"கெடைக்காதும்மா" என்றான், கிடைக்கும் என்று தெரிந்தே.

"அப்ப ரெண்டு கிலோ கட்டித் தரேன்."