வாசனை குறைந்த புட்டி

…ஆனால் வாசனையே இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும், என்று யோசித்தபடி ஹெல்வி துப்பாக்கி துடைக்கிற எண்ணெய்ப் புட்டிகள் அடுக்கிய கடை அலமாரி முன்னால் நின்றாள், கையில் ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற காகிதச் சுருள் இரண்டு, பனி இறங்குவதற்குள் ஒட்டியாக வேண்டும், ஒட்டிவிட்டால் ஏப்ரல் வரை வீட்டுக்குள் கிளம்பிய நாற்றம் வீட்டுக்குள்ளேயேதான் கிடக்கும், நாமும்தான், ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாள், அப்பா துப்பாக்கி துடைக்கிற நாத்தம் இருந்தா நான் வரலம்மா என்று போனிலேயே சொல்லிவிட்டாள், அவள் சொல்வதும் நியாயம்தானே… பத்து நாளாக அந்த நாற்றம் இல்லை, உண்மைதான், பத்து நாளாக நிம்மதியாகத் தூங்குகிறாள், நேற்று ஏலக்காய் ரொட்டிகூடச் சுட்டாள், கணவர் தௌனோ மூன்று தின்றார், மனுஷன் தேறிவிட்டார் என்றுதான் தோன்றியது, இருந்தாலும் மறுபடி துப்பாக்கியை எடுக்காமலா இருப்பார்?

குட்டியை முதலில் சுட வேண்டும், தாயைப் பிறகுதான், காட்டெருமை அளவு நிற்கும் அந்தக் கடமான் வேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விதி, முப்பத்தெட்டு வருஷம் அதே மேட்டில் காவல் நின்றவருக்குத் தெரியாதா, பனிமூட்டம், தனியாக நிற்கிறது என்று நினைத்துச் சுட்டார், போய்ப் பார்த்தால் மரத்துக்குப் பின்னால் குட்டி, இருட்டும்வரை தாய் விழுந்த இடத்தை விட்டு அது நகரவில்லையாம், இதை அவர் சொல்லவில்லை, அவர் எதைத்தான் சொன்னார், வேட்டைக் குழுவில் யாரும் திட்டவுமில்லை, இந்த சீசன் ஓய்வெடு தௌனோ என்றார்கள், திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஒரு குண்டுகூடச் சுடாத துப்பாக்கியை நிலவறையில் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார், சுடாத துப்பாக்கியில் அழுக்கு எங்கிருந்து வரும்? நாற்றம் படியேறி அடுக்களைக்கு வந்ததும் அவள் முதல் படியில் போய் நிற்பாள், அதற்குக் கீழே கால் போகாது, காபி ஆறுது, வர்றீங்களா என்று குரல் கொடுப்பாள், இதோ வர்றேன் என்று பதில் வரும்வரை மூச்சுகூட விடமாட்டாள், ஒரு நாளாவது இறங்கிப்போய் என்னய்யா செய்றே என்று கேட்டிருக்கலாம், பயம், கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்கிற பயம்…

"என்னக்கா, புட்டியப் பாத்துக்கிட்டே பொழுதப் போக்கிட்டீங்க" என்று கடைக்காரர் ரெய்யோ பக்கத்தில் வந்து நின்றார், வாய் ஓயாத மனுஷன். அந்தப் பச்சை மூடி பழைய சரக்கு, கறையெல்லாம் அள்ளிக்கிட்டு வரும், தெருக்கோடி வரைக்கும் மணக்கும், வெள்ளை மூடியில வாசனை கம்மி, தேய்க்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான் என்றார். "ஒண்ணு சொல்றேன், மணக்கலைங்கறதுக்காக ஜன்னலச் சாத்திராதீங்க. மூக்குக்குத் தெரியாதே தவிர, ஆவி வந்துக்கிட்டுதான் இருக்கும்."

அவள் பச்சை மூடியை எடுத்தாள், நாறினால்தானே அவர் கீழே இருப்பது தெரியும். மகளிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், கோபித்தால் கோபித்துப் போகட்டும்… என்ன வெள்ளை, என்ன பச்சை, எடுத்தது எடுத்ததுதான், இதையே கொடுங்க என்றாள்.

"அட, அது எதுக்கு? தௌனோ அண்ணன் போன வாரம் செவ்வாக்கெழமையே வெள்ளை மூடி பெரிய புட்டியா வாங்கிட்டுப் போனாரே. ஹெல்விக்கு அந்த நாத்தம் ஆகாது, தலைய வலிக்குதுன்னு சொன்னாரு. அதுக்குள்ள தீந்துபோச்சா?"

செவ்வாய்… விரலை மடக்கிப் பார்க்கத் தேவையில்லை, பத்து நாள், அப்படியென்றால் நாற்றமில்லாத அந்தப் பத்து நாளும் நிலவறையில் துடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தலைவலி என்று அவரிடம் சொன்னோமா? சொல்லியிருக்கலாம், எப்போதோ… எனக்காகத்தான் வாங்கினாரா, இல்லை, அந்தப் படியில் நான் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டதா? ரெய்யோ பதிலுக்காகக் காத்திருந்தார். ஆமா, தீந்துபோச்சு என்றாள். காகிதச் சுருள்களை அலமாரியிலேயே வைத்துவிட்டு, கடையின் போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள், மணி அடிக்கத் தொடங்கியது, காபி ஆறுது என்று சொல்ல வீட்டில் அவள் காபியே போட்டுவைக்கவில்லை.