மேலே வருவதற்கான பாதி

"ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்டுராதீங்க!" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவதுதான் என் பிழைப்பு. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில், டாக்டர் கிருபாகரனின் கிளினிக்கில் மூச்சுப் பரிசோதனை எடுப்பவள் நான். பெயர் ஜெபசெல்வி, ஊர் நாசரேத். வாத்தியார் வீட்டில் பிறந்ததால் தொண்டை நன்றாக வாய்த்தது. பொறுமைதான் வாய்க்கவில்லை.

அன்றைக்கு நிலக்கரி இறக்கும் காண்ட்ராக்டர் ஒருவர் முப்பத்தெட்டு பேரை மொத்தமாக அனுப்பியிருந்தார். நாலு மணிக்குள் எல்லோருடைய சான்றிதழும் கைக்கு வர வேண்டுமாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன். ஏசி வேறு காலையிலேயே படுத்துவிட்டது. வெளியே நின்றவர்கள் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தேழு பேரை ஊத வைத்து முடித்தபோது மணி மூன்றேகால். எனக்கு யாரையாவது நாலு அறை அறையலாம் போல இருந்தது.

கடைசி ஆள் கஸ்பார். திரேஸ்புரத்துக்காரன், வயது முப்பத்து நாலு. இத்தனை நாளும் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவன். நாற்காலியில் உட்காராமல், தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டே நின்றான்.

"அக்கா, போன வாரம் எங்க அண்ணன் இன்னாசி இங்கனதான் வந்து ஊதுனான். நெஞ்சு சுருங்கிப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. வேலை போனா போவுது. அன்னையிலேருந்து அவன் கடலுக்கும் போகல, வெளியவும் போகல. கட்டில்ல உக்காந்து மூச்ச எண்ணிக்கிட்டே இருக்கான். படுத்தா நின்னுருமாம். பெத்த புள்ளையளக்கூட கிட்ட அண்ட விடமாட்டேங்கான். எனக்கும் அப்படித்தானா? அதை மட்டும் சொல்லிருங்க. வேலைக்காவ கேக்கல."

எனக்கு இன்னாசியின் முகமே ஞாபகத்துக்கு வரவில்லை. அது சுருக்கென்றது. ஆனாலும் வாய் அதன் பாட்டுக்குச் சொன்னது: "ஊதுனாத்தான தெரியும். உக்காருங்க தம்பி."

மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்தேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும், விலா விரியும், காற்று தானாக உள்ளே பாயும். பிறகு ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். எத்தனை லிட்டர் வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று மெஷின் கோடு போட்டுக் காட்டும்.

கஸ்பார் இழுத்த இழுப்பில் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் என்று நினைத்தேன். ஊதினான். கோடு சர்ரென்று ஏறியது. இரண்டாவது விநாடி முடிவதற்குள் நின்றுவிட்டது. இரண்டரை லிட்டர்.

"இன்னும், இன்னும்!"

"முடிஞ்சிட்டுக்கா."

மறுபடியும் ஊதினான். இரண்டரை. மூன்றாவது தடவையும் அதே இரண்டரை.

"என்ன தம்பி, மத்தியானம் சாப்பிடலையா? பச்சப்புள்ள கூட இதைவிட ஊதும்!" என்று கத்தினேன். போன் அடித்தது. காண்ட்ராக்டர். எடுக்கவில்லை. மெஷின் தன் முடிவைத் திரையில் போட்டது: நுரையீரல் சுருக்கம். கஸ்பார் அதைப் படித்துவிட்டான். துண்டை முறுக்கிய கை நின்றுபோயிற்று.

"அண்ணனுக்கும் இதேதான?" என்றான்.

நான் போன வாரத்துக் கோப்பைத் தேடி இன்னாசியின் தாளை உருவினேன். திரையில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. நல்ல நெஞ்சோ கெட்ட நெஞ்சோ, காற்று தீரத் தீர கோடு வளைந்து படுக்க வேண்டும். இவை இரண்டும் கத்தியால் நறுக்கியது போல நின்றிருந்தன. தாளின் மூலையில் சிவப்பில் ஒரு வரி இருந்தது: முழுதாக ஊதவில்லை. திரையில் அது வந்தபோது ஓகே அமுக்கி மூடியவள் நான்தான். அன்றைக்கும் இப்படி ஒரு கூட்டம்.

நிமிர்ந்து கஸ்பாரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மூன்று தடவை ஊதிய ஆள் வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்க வேண்டும். இருமுவான், தண்ணீர் கேட்பான். இவன் உதட்டை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உள்ள இன்னும் காத்து இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"பாதி."

"அதை ஏன் வச்சிருக்கீங்க?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தான். "அதையும் விட்டுட்டா எப்படிக்கா மேல வாரது? நாங்க காத்துக்கு டியூப் போட்டு இறங்குத ஆளுக இல்ல, வெறும் மூச்சுதான். கீழ போக பாதி, மேல வர பாதி. எங்க வீட்டு ஆம்பளைய எல்லாம் அப்படித்தான்."

"இது கடல் இல்லப்பா, நாற்காலி!"

"எனக்குத் தெரியுது. நெஞ்சுக்குத் தெரியலையே."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மணி மூன்றே முக்கால்.

"கேளுங்க. நீங்க என்னதான் முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல காத்து உள்ளயே கிடக்கும். நீங்க விட நினைச்சாலும் அது வெளிய வராது. நுரையீரல்ல பொடிப்பொடியா காத்துப் பைகள் இருக்கு. அதுக ஒட்டிப் போயிராம அந்தக் காத்துதான் தாங்கிப் பிடிக்கும். ரத்தம் அதுலேருந்தும் எடுத்துக்கிட்டேதான் இருக்கும். உங்களுக்குன்னு ஒரு பங்கு எப்பவும் உள்ள இருக்கு. மிச்சத்தை எனக்குக் குடுங்க."

அவன் யோசித்தான். பிறகு துண்டின் ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மறுநுனியை என்னிடம் நீட்டினான்.

"பிடிச்சுக்கங்க. மேல ஒருத்தன் கயிறு பிடிக்காம நாங்க இறங்கினதே இல்ல. நான் ரெண்டு தடவை சுண்டினா இழுத்துருங்க."

டாக்டர் பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஊதினான். கோடு ஏறியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்ததும் அவன் கண்கள் அகன்றன, கழுத்து நரம்பு புடைத்தது. நான் கத்தவில்லை. "நான் பிடிச்சிருக்கேன், விடுங்க" என்று மட்டும் சொன்னேன். கோடு அந்த இடத்தைத் தாண்டியது. மூன்று லிட்டர். நாலு. கோடு வளைந்து மெல்லப் படுக்கத் தொடங்கியது. ஆறாவது விநாடி, ஏழாவது. துண்டு இரண்டு தடவை சுண்டியது. இழுத்தேன்.

அவன் வாயைப் பிளந்து, ஹா என்று காற்றை வாரி விழுங்கினான். இருமினான். கண்ணில் நீர் கொட்டியது. திரையில் நாலு புள்ளி ஒன்பது. அன்றைக்கு ஊதிய மற்ற முப்பத்தேழு பேரில் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை.

இன்னும் இரண்டு தடவை ஊத வைத்துச் சரிபார்த்தேன். "உங்க நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே மேஜையில் கிடந்த தாளைக் காட்டினான். "அப்ப அண்ணனுக்கு?"

"போன் போடுங்க. நானே பேசுதேன்."

காண்ட்ராக்டர் மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். என் போனைக் கவிழ்த்து வைத்தேன். கஸ்பார் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். எடுத்த உடனே மூச்சுச் சத்தம்தான் கேட்டது. குட்டிக் குட்டியாக, எண்ணி எண்ணி.

"இன்னாசியா? நான் கிளினிக்ல ஜெபசெல்வி. போன வாரம் உங்களுக்கு எடுத்த டெஸ்ட் செல்லாது. நீங்க பாதியை உள்ள வச்சுக்கிட்டு ஊதியிருக்கீங்க. மெஷின் சொல்லிச்சு, நான் பார்க்கல. தப்பு என்மேலதான். நாளைக்குக் காலையில வாங்க, மறுபடி எடுப்போம். உங்க தம்பிக்கும் முதல்ல இதே கோடுதான் வந்துச்சு. இப்ப நாலே முக்காலத் தாண்டிட்டாரு."

அந்தப் பக்கம் எண்ணுகிற சத்தம் நின்றுவிட்டது. கஸ்பார் துண்டின் நுனியை இன்னும் மணிக்கட்டிலேயே சுற்றி வைத்திருந்தான்.

பிறகு போனில் ஒரு மூச்சு வெளியே போவது கேட்டது. பழக்கதோஷம், என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. மூன்று, நாலு, ஐந்து. நிற்கவில்லை. எட்டாவது விநாடியில்தான் தீர்ந்தது.