கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சொட்டு

என் அண்ணனுக்குக் கல் பைத்தியம். இதைவிட நல்ல வார்த்தை கிடைத்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். வாரத்தில் ஆறு நாள் பஸ் ஓட்டுவான். லீவு நாள் வந்தால் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவுக்குக் கிளம்பிவிடுவான். மறுநாள் காலை, நான் வேலை பார்க்கும் கல் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் ஒரு பொட்டலத்தோடு நிற்பான். அதில் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தலையெழுத்து.

பன்னிரண்டு வருஷமாக நான் சொன்னது ஒரே பதில்தான்: இல்லை. பளபளவென்று மின்னுவதெல்லாம் இரும்பும் கந்தகமும் என்று எத்தனை தடவை சொல்வது? கேட்கிற ஜென்மமா அவன்? "சரி பாப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்று சிரித்துவிட்டுப் போவான். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

போன திங்கட்கிழமை வந்த கல்லையும் வழக்கம்போல இடித்து மாவாக்கி, தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவக அமிலத்தில் காய்ச்சி வடிகட்டினேன். வெளிர் மஞ்சளாக நீர் இறங்கியது. அதில் இரண்டு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, மேலே வெள்ளீயக் கரைசலை விட்டேன். தங்கம் இருந்தால் அந்த இடம் கத்தரிப்பூ நிறமாக மாற வேண்டும்.

மாறியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போனை எடுத்து அண்ணனிடம் சொன்னேன்.

"நெஜமாவா பாப்பா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேண்ணே!"

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள். "உங்கண்ணன் வேலைய விடறேன்னு லெட்டர் எழுதி வெச்சிட்டாரு. இனிமே மலையே கதின்னு கெடப்பாராம். நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் வந்ததும் குடுக்கப் போறாரு. நெஜமாவே இருக்கா? நீ சொன்னா நான் குறுக்க நிக்கல."

"இருக்கு அண்ணி" என்று அடித்துச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்து வேலை அது. விட்டால் இந்த வயதில் திரும்பக் கிடைக்காது.

மறுநாள் சீக்கிரமே வந்து ஒரு கம்பெனி அனுப்பிய கல்லை எடுத்தேன். அதில் பொட்டுத் தங்கம் கிடையாது என்று ஏற்கெனவே இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. அதுவும் கத்தரிப்பூ நிறம் காட்டியது. கல்லே சேராத வெறும் அமிலத்தைச் சொட்டிப் பார்த்தேன். அதுவும் அதே நிறம்.

வெள்ளீயக் கரைசல் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. கெட்டுவிட்டால், தங்கமே இருந்தாலும் நிறம் காட்டாது. அதனால் தங்கம் கரைத்து வைத்த புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கரைசல் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். அப்படிப் பார்த்த டிராப்பரைக் கழுவாமல் அண்ணன் கல்லுக்கும், அன்று காலை பார்த்த இரண்டுக்கும் அதையே எடுத்திருக்கிறேன். வெறும் அமிலத்தை முதலில் சோதிப்பது இந்த வேலையின் பாலபாடம். அதை மறந்ததற்காக எத்தனை பேர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்!

மிச்சமிருந்த கல்மாவைப் புதிதாகக் காய்ச்சி, புது டிராப்பரால் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. மணி ஒன்பதரை. அண்ணன் போனை எடுக்கவில்லை. கறை படிந்த கோட்டோடு பஸ் டிப்போவுக்கு ஓடினேன்.

வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தேன். 'தங்கம் இருக்கு, ஆனா தோண்டக் கட்டுப்படியாகாது.' அவன் மானமும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். ஆனால் மேனேஜர் அறை வாசலில், தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக அவன் நின்றதைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை.

"தங்கம் இல்லண்ணே. கல்லு மேல தப்பில்ல, தப்பு என்னோடது. டிராப்பர கழுவாம விட்டுட்டேன்."

அவன் சட்டைப்பையில் இருந்த லெட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நீ சொல்லாத. நான் சொல்லிக்கறேன். உன்னத் திட்டித் தீத்துடுவா."

பிறகு மெதுவாகக் கேட்டான். "பாப்பா, இருக்குன்னு தப்பா வந்த மாதிரி, இல்லன்னும் தப்பா வருமா?"

வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பைத்தியம் அன்றோடு தெளிந்திருக்கும். ஆனால் கரைசலைச் சோதித்துப் பார்க்கிற பழக்கமே எங்கள் கூடத்தில் மூன்று வருஷமாகத்தான். அதற்கு முன்னால் ஆறு மாசப் பழைய கரைசலைக்கூட அப்படியே எடுத்திருக்கிறேன்.

"வரும்ணே" என்றேன். "பழைய கல்லுல சிலதுக்கு நான் தப்பா சொல்லியிருக்கலாம்."

அப்போது மேனேஜர் வந்தார். "என்னப்பா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். வண்டி எடுக்கப் போறேன்." லெட்டரை நாலாக மடித்துப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "அந்தக் கல்லு எல்லாமே வீட்டுக்குப் பின்னாடிதான் கெடக்கு. ஒண்ணக்கூட நான் தூக்கிப் போடல. மறுபடி பாக்கறியா பாப்பா?"

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பாக்கறேண்ணே" என்றேன்.