சாயங்கால வெயில் பக்கம்

பதினான்கு வரிசைகளிலும் இலை தப்பான பக்கம் பறிக்கப்பட்டிருந்தது. ஹில்ட்ரூட் குனிந்து பார்த்தாள். பச்சைத் திராட்சைக் குலைகள் மேற்கைப் பார்த்து மொட்டையாகத் தொங்கின. மோசல் ஆற்றங்கரையில் கொடி வளர்க்கிறவர்கள் ஜூலை மாதம் இலை பறிப்பது காலை வெயில் படும் பக்கத்தில்தான். காற்றுப் புகுந்து பனி காயும், குலை அழுகாது. சாயங்காலப் பக்கத்தைத் தொட்டால் குலை வெந்துபோகும். சனிக்கிழமை முப்பத்தெட்டு டிகிரி என்று வானொலி வேறு சொல்லிவிட்டது. இந்த விளைச்சலும் போனால் இந்தத் தோட்டச் சரிவை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

செய்தது யாரென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாழான வரிசைகள் எல்லாமே பக்கத்துச் சரிவுக்காரன் நோர்பெர்ட்டின் எல்லையோரம். அந்த எல்லையில் சரிவேறும் தண்டவாள வண்டி இருவருக்கும் பொது. அவள் அக்கரைத் தோட்டத்தில் வேலை செய்யும் காலை நேரங்களில் அது இங்கே உறுமுவது ஆற்றைத் தாண்டிக் கேட்டது. இந்தச் சரிவின் மேல் அவனுக்குப் பத்து வருஷமாகக் கண். ரொட்டிக் கடை வரிசையில் நின்று அவன் பெண்டாட்டி காதில் விழவே ஹில்ட்ரூட் சொன்னாள்: "சில பேருக்கு வாங்க வக்கில்லை, அழிக்க மட்டும் கை நீளுது!"

வியாழக்கிழமை அக்கரைக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்தாள். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. இறங்கியவன் நோர்பெர்ட் இல்லை. அவள் புருஷன் கிளெமென்ஸ்.

இடுப்பு அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கைத்தடியைக் கம்பியில் மாட்டிவிட்டு, சீட்டியடித்தபடி கீழ்நோக்கி இறங்கி, இடது கையால் இலையைக் கிள்ளினான்.

"நிறுத்து!"

அவன் திடுக்கிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டான். "அடியே, உசிரே போயிருக்கும்! உன் சுமையைக் கொஞ்சம் கொறைக்கலாமேன்னு..."

"எந்தப் பக்கம் பறிக்கிறே, பாரு."

"நாப்பது வருஷமா இடது கைப் பக்கம்தானே!"

"நாப்பது வருஷமா கீழேருந்து மேலே ஏறுனே. இப்போ வண்டியில உச்சிக்குப் போயி இறங்கி வர்றே. இடது கைக்குச் சாயங்காலப் பக்கம்தானே வரும்."

அவன் சூரியனைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இன்னொரு தடவை சரிவில் கால் வைத்தால் அன்றைக்கே விற்றுவிடுவேன் என்று ஆஸ்பத்திரியில் அவனை மிரட்டியது அவள்தான். பின்னே எப்படிச் சொல்லிவிட்டு வருவான்?

பறித்த இலையை ஒட்டவா முடியும்? நிழல் கட்டலாம். பறவை கொத்தாமல் போர்த்தும் வலையை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டால் தாங்கும். அவ்வளவு வலை இருந்தது நோர்பெர்ட்டிடம் மட்டும். வெட்கத்தில் கூனிக் குறுகி அவன் கொட்டகைக்குப் போனாள்.

"ஊர் முன்னாடி உன்னைப் பேசிட்டேன். தப்பு என்னுதுதான்."

நோர்பெர்ட் நிமிரவில்லை. "திங்கக்கிழமையே அவனைப் பார்த்துட்டேன், ஹில்ட்ரூட். உன்கிட்ட சொல்லிடாதேன்னு கெஞ்சினான்."

"சரி, எங்கிட்ட சொல்ல வேணாம். பக்கம் மாறிப் பறிக்கிறியேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவன் வலைச் சுருளின் கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். "சொல்லத்தான் வாயெடுத்தேன். பாழாப்போனா நீ வித்துடுவேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியிருந்தால் வாங்கியிருப்பாள். அவளுக்குப் பற்றி எரிந்தது. ஆனால் சனிக்கிழமைக்கு இரண்டே நாள்.

"சுருளைத் தூக்கு. நீயும் வந்து கட்டு."

வெள்ளி இருட்டும்வரை மூவரும் கட்டினார்கள். நோர்பெர்ட் போட்ட ஒவ்வொரு முடிச்சையும் ஹில்ட்ரூட் பின்னாலேயே வந்து இழுத்துப் பார்த்தாள். புருஷன் போட்டதையும்தான்.